ஒரே கேள்விக்குப் போட்ட ஓட்டு கட்சிகளை என்ன செய்யும்?

கேட்டவர் விளவங்கோடு தாலுகாக்காரர். கிளாஸ்கோவில் நர்ஸாக வேலை பார்க்கிறார். நீளமாக எழுதியிருந்தார், சுருக்கினால் இவ்வளவுதான்: "2016-ல் பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியேறுவதா, உள்ளேயே இருப்பதா என்று ஓட்டுப் போட்டது. 52-க்கு 48. அதிலிருந்து இங்கே ஒரு கட்சியும் பழைய கட்சியாக இல்லை. ஒரே ஒரு ஓட்டு இவ்வளவையும் செய்யுமா? ஸ்காட்லாந்து பிரிவதற்கு இன்னொரு பொதுவாக்கெடுப்பு வேண்டும் என்கிறார்களே, வந்தால் கட்சிகள் என்ன ஆகும்? என் வார்டில் இரண்டு பேர் இந்த விஷயத்தினால் இன்னும் சரியாகப் பேசிக்கொள்வதில்லை." கடைசியில் "இங்கே எனக்கு ஓட்டு உண்டா?" என்றும் ஒரு வரி.

மேலோட்டமாகப் பார்த்தால் இது பிரிட்டனைப் பற்றிய கேள்வி. உள்ளே மூன்று கேள்விகள் இருக்கின்றன. பொதுவாக்கெடுப்பில் ஜெயித்த பக்கம் தேர்தலிலும் ஜெயிக்குமா? கட்சிகள் உடையுமா? அந்தப் பிளவு எத்தனை காலம் நிற்கும்? முதல் இரண்டுக்கும் ஓரளவு தைரியமாகப் பதில் சொல்லலாம். மூன்றாவதற்கு யார் பதில் சொன்னாலும் அது ஊகம்தான், என்னுடையது உட்பட.

நான் மார்த்தாண்டத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் 31 வருஷம் அரசியல் அறிவியல் பாடம் எடுத்தவன். ஒன்பது தேர்தல்களில் வாக்குச்சாவடித் தலைமை அலுவலராக உட்கார்ந்திருக்கிறேன். பிரிட்டனில் கால் வைத்ததில்லை. அங்கே வார்டிலும் பஸ்ஸிலும் என்ன பேசிக்கொள்கிறார்கள் என்பது என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும். என்னிடம் இருப்பது முடிவுகளும் கணக்கும், அப்புறம் நம் மாவட்டம் பிறந்த கதையும். அந்தக் கதைக்குக் கொஞ்சம் கழித்து வருகிறேன்.

உறுதியானதை முதலில் சொல்லிவிடுகிறேன். பொதுவாக்கெடுப்பில் ஜெயித்த பக்கத்துக் கட்சிதான் அடுத்த தேர்தலில் ஜெயிக்கும் என்று ஒரு விதியும் கிடையாது. இதைக் காட்ட லண்டன்வரை போக வேண்டாம், கோவா போதும். நம் அரசியல் சட்டத்தில் பொதுவாக்கெடுப்புக்கு இடமில்லை என்றாலும், 1948-ல் ஜூனாகத், 1975-ல் சிக்கிம் என்று ஒன்றிரண்டு நடந்திருக்கின்றன. அவற்றில் பாடத்துக்கு உகந்தது 1967 ஜனவரி 16-ல் கோவாவில் நடந்தது. மகாராஷ்டிரத்தோடு சேர்வதா, யூனியன் பிரதேசமாகத் தனித்து இருப்பதா என்பது கேள்வி. சேர்வதற்குப் பூ சின்னம், தனித்திருப்பதற்கு இரட்டை இலை. (நம்மூர் இரட்டை இலை திண்டுக்கல்லில் முளைக்க இன்னும் ஆறு வருஷம் இருந்தது.) தனித்திருப்போம் என்று 1,72,191 ஓட்டு, சேர்வோம் என்று 1,38,170. வித்தியாசம் 34,021. மகாராஷ்டிரத்தோடு சேர்வதற்கென்றே இருந்த கட்சி தயானந்த் பந்தோத்கரின் மகாராஷ்டிரவாதி கோமந்தக் கட்சி. அதன் உயிர்க் கொள்கையே தோற்றுப்போனது. அத்தோடு கட்சியின் கதை முடிந்தது என்றுதானே நினைப்போம்? இரண்டே மாதத்தில், மார்ச்சில், சட்டசபைத் தேர்தல் வந்தது. 30 இடங்களில் அதே கட்சிக்கு 16. தனித்திருப்பதற்காகப் போராடி ஜெயித்த ஐக்கிய கோவர்கள் கட்சிக்கு 12. பந்தோத்கர் மறுபடியும் முதலமைச்சரானார்.

யார் யார் மாற்றிப் போட்டார்கள் என்பது பெட்டிக்குள் போன ரகசியம். ஆனால் முடிவு சொல்வது தெளிவாக இருக்கிறது. சேரலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்ற ஊர், யார் ஆள வேண்டும் என்ற கேள்விக்கு அவரையே சொன்னது. குத்தகை விவசாயிகளும் பிற்படுத்தப்பட்டவர்களும் அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்தார்கள், மகாராஷ்டிரம் அவர்களுக்கு அடுத்தபட்சம். சமீபத்திய உதாரணம் ஆஸ்திரேலியா. 2023 அக்டோபரில் பூர்வகுடிகளுக்கு நாடாளுமன்றத்தில் ஓர் ஆலோசனைக் குரல் தரலாமா என்று லேபர் அரசு கேட்டது, சுமார் 60 சதவீதம் பேர் வேண்டாம் என்றார்கள். 2025 மே மாதம் அதே லேபர் முன்னைவிடப் பெரிதாக ஜெயித்தது. வேண்டாம் பக்கம் நின்ற எதிர்க்கட்சித் தலைவர் பீட்டர் டட்டன் சொந்தத் தொகுதியையே இழந்தார்.

சரி, அப்படியானால் பொதுவாக்கெடுப்புக்கும் தேர்தலுக்கும் சம்பந்தமே இல்லையா? இருக்கிறது. அது யார் ஜெயித்தார்கள் என்பதில் இல்லை, எந்தப் பக்கம் ஒரே குடைக்குள் வந்து நிற்கிறது என்பதில் இருக்கிறது. வகுப்பில் இதை இப்படித்தான் சொல்வேன். நம் ஊர்ச் சந்தையைப் பைபாஸ் பக்கம் மாற்றலாமா என்று ஓட்டெடுப்பு வைக்கிறோம் என்று வையுங்கள். நூறு பேரில் 55 பேர் கூடாது, 45 பேர் மாற்றலாம். கூடாது என்று பேசியவை மூன்று கட்சிகள், மாற்றலாம் என்றது ஒரே கட்சி. ஓட்டு முடிந்ததும் ஜெயித்த 55 பேர் என்ன செய்வார்கள்? சந்தை தப்பித்தது என்று வீட்டுக்குப் போய்விடுவார்கள். அடுத்த தேர்தலில் அவரவர் பழைய கட்சிக்குத் திரும்புவார்கள்: 25, 18, 12. தோற்ற 45 பேருக்கோ ஆத்திரம் அடங்காது. அவர்களுக்கு இருப்பது ஒரே கட்சி. 45-க்கு எதிரே 25. வார்டு யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை. அதிக ஓட்டு வாங்கியவர் ஜெயித்தார் என்ற முறை நம்மிடமும் பிரிட்டனிடமும் இருக்கும்வரை இந்தக் கணக்கு வேலை செய்யும்.

நீங்கள் இருக்கும் ஸ்காட்லாந்தில் 2014-15-ல் நடந்தது இதுவேதான். 2014 செப்டம்பர் 18-ல் பிரிவினைக்கு ஓட்டெடுப்பு: பிரிய வேண்டாம் 55.3 சதவீதம், பிரிவோம் 44.7. ஓட்டுப் போட்டவர்கள் 84.6 சதவீதம், நம் ஊரில்கூட அவ்வளவு அடிக்கடி பார்க்க முடியாது. பிரிவோம் என்று கேட்ட ஸ்காட்டிஷ் தேசியக் கட்சி, அதாவது எஸ்.என்.பி., தோற்றது. எட்டு மாதம்கூட ஆகவில்லை, 2015 மே பொதுத்தேர்தலில் ஸ்காட்லாந்தின் 59 இடங்களில் 56 அதற்கு. அதற்கு முன்னால் இருந்தது ஆறு. தலைமுறை தலைமுறையாக அங்கே ஆண்ட லேபர் 41-லிருந்து ஒன்றுக்கு வந்தது. உங்கள் கிளாஸ்கோவின் ஏழு இடங்களும் போயின. பக்கத்து பெய்ஸ்லியில் லேபரின் பெருந்தலை டக்ளஸ் அலெக்சாண்டரைத் தோற்கடித்தவர் மேரி பிளாக், வயது 20, கல்லூரிப் படிப்பையே இன்னும் முடிக்காத பெண். பிரிவோம் என்ற 45 பேரும் ஒரு குடையில். வேண்டாம் என்ற 55 பேர் லேபர், கன்சர்வேட்டிவ், லிபரல் டெமாக்ரட் என்று மூன்று குடையில். லேபருக்கு இன்னொரு அடியும் விழுந்தது. வேண்டாம் பிரச்சாரத்தில் கன்சர்வேட்டிவ்களோடு ஒரே மேடையில் நின்றதை அதன் பழைய தொழிலாளர் ஓட்டு மன்னிக்கவில்லை. நம்மூரில் பரம வைரிகள் ஒரு காரியத்துக்காகக் கூட்டணி சேர்ந்தால் அடிமட்டத் தொண்டன் முகம் எப்படிச் சுருங்குமோ அப்படி.

அதன் பிறகு மறுபக்கத்துக்கும் குடை கிடைத்தது. 2017-ல் ஸ்காட்லாந்தில் கன்சர்வேட்டிவ்கள் 13 இடம் பிடித்தார்கள். கொள்கையில் அவர்களைப் பிடிக்காதவர்கள்கூட, பிரிவினையைத் தடுக்க உறுதியாக நிற்பது இவர்கள்தான் என்று போட்டார்கள். இப்படித்தான் ஒரு பொதுவாக்கெடுப்பு கட்சிகளுக்குப் புது வேலை கொடுக்கிறது. வரியும் ஆஸ்பத்திரியும் பேசிக்கொண்டிருந்த கட்சியை இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று மட்டும் கேட்க வைக்கிறது.

2016-ன் கதை இதைவிடச் சிக்கல், காரணம் அந்தக் கோடு கட்சிகளுக்கு நடுவே போகவில்லை, கட்சிகளுக்கு உள்ளேயே போனது. கன்சர்வேட்டிவ் பிரதமர் டேவிட் கேமரன் உள்ளே இருப்போம் என்றார், அவருடைய அமைச்சர்களில் சிலரே வெளியேறுவோம் என்றார்கள். தோற்ற மறுநாளே பதவி விலகுவதாக அறிவித்தார். லேபரின் தொல்லை வேறு மாதிரி. அதன் ஓட்டர்களில் பெரும்பகுதி உள்ளே இருப்போம் பக்கம், ஆனால் அதன் தொகுதிகளில் பாதிக்கு மேல் வெளியேறுவோம் பக்கம். இது எப்படி என்று மாணவர்கள் குழம்புவார்கள். லண்டனிலும் பல்கலைக்கழக நகரங்களிலும் அந்தக் கட்சி ஓட்டு மலையாகக் குவிந்து கிடந்தது, வடக்கே பழைய சுரங்க ஊர்களில் மெல்லிதாகப் பரவிக் கிடந்தது. மலை எவ்வளவு உயர்ந்தாலும் ஒரு தொகுதி ஒரு தொகுதிதான். ஓர் எச்சரிக்கையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். 2016 ஓட்டு நாடாளுமன்றத் தொகுதிவாரியாக எண்ணப்படவில்லை, உள்ளாட்சிப் பகுதிவாரியாக எண்ணப்பட்டது. ஆகவே இந்தத் தொகுதி வெளியேறுவோம், அந்தத் தொகுதி இருப்போம் என்று படிப்பதில் பெரும்பாலானவை ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. நல்ல மதிப்பீடுதான், ஆனாலும் எண்ணிப் பார்த்த எண் வேறு.

உடனே என்ன நடந்தது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். 2017 ஜூன் தேர்தலில் கட்சிகள் சிதறவில்லை, இரண்டு பெரிய கட்சிகளும் சேர்ந்து 80 சதவீதத்துக்கும் மேல் ஓட்டு வாங்கின. கேமரனுக்குப் பின் பிரதமரான தெரசா மே பெரும்பான்மையை இழந்து வட அயர்லாந்தின் ஒரு சின்னக் கட்சியின் 10 பேர் கையில் மாட்டிக்கொண்டார். அதன் பிறகு இழுபறி. 2019 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றியத்தோடு அவர் போட்ட வெளியேற்ற ஒப்பந்தம் நாடாளுமன்றத்தில் 202-க்கு 432 என்று விழுந்தது. மே மாதம் ஐரோப்பிய நாடாளுமன்றத் தேர்தலில் ஆளுங்கட்சி ஐந்தாம் இடம், 9 சதவீதத்துக்கும் கீழே. வெளியேறுவதற்கென்றே சில மாதங்களுக்கு முன் பிறந்த பிரெக்ஸிட் கட்சி முதலிடம். அதாவது பிளவு ஓட்டெடுப்பு நாளில் வெடிக்கவில்லை. முடிவை நிறைவேற்ற முடியாமல் இழுத்த மூன்று வருஷத்தில்தான் வெடித்தது. இந்த வரியைக் குறித்து வையுங்கள், ஸ்காட்லாந்துக்கு வரும்போது தேவைப்படும்.

2019 டிசம்பரில், மேக்குப் பின் பிரதமரான போரிஸ் ஜான்சன் சந்தைக் கணக்கைத் திருப்பிப் போட்டார். தன் கட்சியில் முரண்டு பிடித்த 21 எம்.பி.க்களைக் கட்சிக் கொறடாவின் பட்டியலிலிருந்தே வெளியேற்றியிருந்தார். கன்சர்வேட்டிவ்கள் ஏற்கெனவே வைத்திருந்த 317 தொகுதிகளிலிருந்து பிரெக்ஸிட் கட்சி விலகிக்கொண்டது. வெளியேறுவோம் ஓட்டு ஏறக்குறைய ஒரே குடைக்குள் வந்தது. மறுபக்கம் லேபர், லிபரல், பசுமை, எஸ்.என்.பி. என்று நாலு குடை. இன்னொரு ஓட்டெடுப்பு வேண்டும் என்ற கட்சிகளின் ஓட்டை எல்லாம் கூட்டினால் நாட்டில் பாதிக்கு மேல் வரும். ஆனாலும் 43.6 சதவீதம் வாங்கிய ஜான்சனுக்கு 365 இடம். 1885-ல் உருவான நாளிலிருந்து ஒருமுறைகூடக் கன்சர்வேட்டிவ் ஜெயிக்காத பிஷப் ஆக்லண்ட் தொகுதி அன்று விழுந்தது. டோனி பிளேரின் பழைய தொகுதி செட்ஜ்ஃபீல்டும் அன்றே விழுந்தது.

கட்சிகள் உடையுமா என்றால், உடைவது அபூர்வம், உடைந்து பிழைப்பது அதைவிட அபூர்வம். 2019 பிப்ரவரியில் லேபரிலிருந்தும் கன்சர்வேட்டிவிலிருந்தும் வெளியே வந்து புதுக்கட்சி தொடங்கிய எம்.பி.க்களில் ஒருவர்கூட அந்த டிசம்பரில் திரும்பி வரவில்லை. கிரீஸில் 2015 ஜூலையில் கடன் நிபந்தனைகளை 61 சதவீதம் பேர் நிராகரித்தார்கள். பிரதமர் சிப்ராஸ் அதன் பிறகும் ஒப்பந்தத்துக்குத் தலையாட்ட, கட்சியில் 25 எம்.பி.க்கள் பிரிந்து போனார்கள். செப்டம்பர் தேர்தலில் சிப்ராஸ் ஜெயித்தார், பிரிந்தவர்கள் 3 சதவீத வரம்பைக்கூடத் தொடவில்லை. மக்கள் எந்தப் பக்கம் ஓட்டுப் போட்டார்களோ அந்தப் பக்கத்துக்காகப் பதவியை விட்டவர்களுக்கு இந்தக் கதி! இதற்கு நேர்மாறாக ஒரு பெரிய கட்சியே துடைத்து எறியப்பட்டதும் உண்டு. கனடாவில் 1992-ல் அரசியல் சட்டத் திருத்த உடன்பாடு ஒன்று வாக்கெடுப்பில் தோற்றது. மறுவருஷத் தேர்தலில் ஆளுங்கட்சிக்குக் கிடைத்தது இரண்டே இரண்டு இடம். கியூபெக் பிரிவினைக் கட்சி எதிர்க்கட்சி நாற்காலியில் உட்கார்ந்தது. ஆனால் பொருளாதார மந்தமும் புது விற்பனை வரியும் அப்போது மக்களை வாட்டின. அவற்றைத் தள்ளிவிட்டு எல்லாப் பழியையும் வாக்கெடுப்பின் தலையில் போடுவது நியாயமாகாது.

இப்போது நம் மாவட்டம். இங்கே பொதுவாக்கெடுப்பே நடக்கவில்லை. ஆனால் பொதுவாக்கெடுப்பு செய்வதையெல்லாம் எங்கள் அப்பன் பாட்டன்மார் அனுபவித்தார்கள். திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த தமிழ்த் தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர வேண்டுமா என்ற ஒரே கேள்விக்காகப் பிறந்த கட்சி திருவிதாங்கூர் தமிழ்நாடு காங்கிரஸ். மார்ஷல் நேசமணி, தாணுலிங்க நாடார் போன்றவர்கள் நடத்தியது. 1954 தேர்தலில் 117 பேர் கொண்ட சட்டசபையில் அதற்கு 12 பேர். 19 பேரை மட்டும் வைத்துக்கொண்டு, காங்கிரஸ் வெளியிலிருந்து கொடுத்த ஆதரவில் ஆண்டது பட்டம் தாணுபிள்ளையின் பிரஜா சோஷலிஸ்ட் கட்சி. 1954 ஆகஸ்ட் 11-ல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் இணைப்புக் கேட்டுப் போராடியவர்கள் மீது போலீஸ் துப்பாக்கிச் சூடு நடந்தது, ஆட்கள் செத்தார்கள். அந்தச் சத்தம் டெல்லிவரை போனது. கட்சியின் பொதுச்செயலாளர் ராம் மனோகர் லோகியா அப்போது சிறையில் இருந்தார். சுட்ட அரசு நம் கட்சி அரசாக இருந்தாலும் பதவி விலக வேண்டும் என்று அங்கிருந்தே சொன்னார். கட்சி கேட்கவில்லை. அதில் தொடங்கிய பூசல் வளர்ந்து, 1955 முடிவதற்குள் லோகியா தனிக்கட்சி கண்டார். மார்த்தாண்டத்துத் துப்பாக்கி ஓர் அகில இந்தியக் கட்சியைப் பிளந்தது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகள் நம்ப மாட்டார்கள். குழித்துறைப் பாலத்தைத் தினமும் கடந்து வருகிறவர்கள்தான் அவர்கள்.

எங்கள் வீட்டிலும் கோடு விழுந்தது. அப்பா தமிழ்நாடு காங்கிரஸ். அம்மாவின் அண்ணன் பட்டத்தின் கட்சி. துப்பாக்கிச் சூட்டுக்குப் பிறகு மாமா எங்கள் வீட்டு வாசல்படி மிதிக்கவில்லை. 1956 நவம்பர் 1-ல் அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலும் சேர்ந்து கன்னியாகுமரி மாவட்டமானது. நெய்யாற்றின்கரையும் தேவிகுளமும் பீர்மேடும் அந்தப் பக்கம் நின்றுவிட்டன. 1958-ல் எனக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடி இல்லாமல் காதுகுத்து ஏது? ஆகவே மாமா வந்தார். என்னை மடியில் வைத்தார், ஆசாரி ஊசியை எடுத்து முடிக்கும்வரை அசையாமல் இருந்தார், சாப்பிட உட்காரச் சொல்வதற்குள் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். பந்தியில் அவருக்குப் போட்ட இலையில் அப்பா பொரியலைக்கூட எடுக்க விடவில்லையாம், கடைசிவரை அப்படியே கிடந்ததாம். அம்மா இதைச் சொல்லும்போதெல்லாம் அந்த இலையைத்தான் சொல்வாள்.

இனி அந்த ஒரு கேள்விக் கட்சி என்ன ஆயிற்று என்று பாருங்கள். கேள்விக்குப் பதில் கிடைத்ததும் அதற்கு வேலை இல்லை, காங்கிரஸில் கரைந்தது. தோற்றதால் முடியவில்லை, ஜெயித்ததால் முடிந்தது. ஆனால் நன்றி என்று ஒன்று மிச்சம் இருந்தது. 1967-ல் தமிழ்நாடு முழுக்கத் தி.மு.க. அலை. அந்த அலையிலும் நாகர்கோவில் காங்கிரஸ் நேசமணியை டெல்லிக்கு அனுப்பியது. அவர் இறந்த பிறகு 1969 ஜனவரி இடைத்தேர்தலில், விருதுநகரில் தோற்றிருந்த காமராஜரை அனுப்பியது. இன்றுவரை திராவிடக் கட்சிகளைவிட அகில இந்தியக் கட்சிகள் இங்கே கனமாக நிற்பதற்கு அந்த இணைப்புக் காலமும் ஒரு காரணம் என்பது என் கருத்து. நிரூபணம் என்று சொல்ல மாட்டேன்.

மொழிக் கோடு மறைந்த இடத்தில் வேறு கோடு வந்தது. நேசமணி கிறிஸ்தவர், தாணுலிங்க நாடார் இந்து. இணைப்புக் கேள்வி இருந்தவரை அது யாருக்கும் பெரிய விஷயமாகத் தெரியவில்லை. 1982-ல் மண்டைக்காடு கலவரம். தாணுலிங்க நாடார் பின்னாளில் இந்து முன்னணியின் தலைவர். 1996-ல் தமிழ்நாட்டின் முதல் பா.ஜ.க. எம்.எல்.ஏ. பத்மநாபபுரத்திலிருந்து போனார். இணைப்பால்தான் இது வந்தது என்று நான் சொல்லவில்லை. ஒரு பெரிய கேள்வி ஊரை இரண்டாகப் பிரித்து வைத்திருக்கும்போது மற்றக் கோடுகள் அடியில் தூங்கும், கேள்வி தீர்ந்ததும் விழிக்கும். பொதுவாக்கெடுப்பு முடிந்த நாடுகளிலும் எதிர்பார்க்க வேண்டியது இதைத்தான்.

மூன்றாவது கேள்வி, எத்தனை காலம்? இங்கே என் கால் மண்ணில் இல்லை. நார்வே இரண்டு முறை ஐரோப்பிய அமைப்பில் சேர வேண்டாம் என்றது, 1972-ல் 53.5 சதவீதம், 1994-ல் 52.2. முதல் தடவை பிரதமர் போனார், லிபரல் கட்சி இரண்டாக உடைந்தது, லேபர் 46-லிருந்து 35 சதவீதத்துக்கு இறங்கியது. இரண்டாவது தடவை பிரதமர் புருண்ட்லாண்ட் தோற்ற பிறகும் நாற்காலியில் இருந்தார். வேண்டாம் அலையில் 32 இடம் வரை ஏறியிருந்த மையக் கட்சி மூன்றே வருஷத்தில் 11-க்கு வந்தது. முடிவை எல்லாரும் ஏற்றுக்கொண்டு கேள்வியை மூடியதால் ஆறியது என்று படிக்கலாம். முதல் அடியில் பாடம் கற்றதால் என்றும் படிக்கலாம். எதிர்ப்பக்கம் சிலி. 1988-ல் ராணுவ சர்வாதிகாரி பினோசே ஆட்சியில் தொடரலாமா என்ற கேள்விக்கு வேண்டாம் என்று கூடிய கட்சிகள் அதே கூட்டணியாக 1990 முதல் 2010 வரை இருபது வருஷம் ஆண்டன. பிரிட்டனே 1975-ல் ஐரோப்பிய அமைப்பில் நீடிப்பதா என்று ஒரு முறை ஓட்டுப் போட்டது, 67 சதவீதம் நீடிப்போம். தீர்ந்தது என்றார்கள். லேபருக்குள் தீரவில்லை. அந்தப் பூசலும் வேறு சண்டைகளும் சேர்ந்து 1981-ல் நாலு பெரிய தலைவர்கள் வெளியேறித் தனிக்கட்சி வைத்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையே கேள்வியை மூடவில்லை என்றால் 52-க்கு 48 எப்படி மூடும்?

2024-ல் லேபர் 34 சதவீதத்துக்கும் குறைந்த ஓட்டில் 400-க்கும் மேற்பட்ட இடம் பிடித்தது, காரணம் இந்த முறை மறுபக்கத்துக் குடை கிழிந்தது. பழைய பிரெக்ஸிட் கட்சி ரிஃபார்ம் என்று பேர் மாற்றி 14 சதவீதம் எடுக்க, கன்சர்வேட்டிவ் 121 இடத்துக்கு விழுந்தது. 2025 மே உள்ளாட்சித் தேர்தலில் ரிஃபார்ம் முதலிடம். அங்கே இப்போது யாரும் ஐரோப்பிய ஒன்றியத்தைப் பற்றி அதிகம் பேசுவதில்லை, குடியேற்றத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். ஆனால் யார் எந்தப் பக்கம் என்று பார்த்தால் பாதிக்கு மேல் 2016-ன் ஆட்களே. ஆகவே உங்கள் "ஒரே ஒரு ஓட்டு இவ்வளவையும் செய்யுமா" என்பதற்கு என் பதில்: ஓட்டு புதிதாக எதையும் நடவில்லை. வடக்கே சுரங்கங்கள் மூடிய நாளிலிருந்து மண்ணுக்குள் கிடந்ததற்கு ஒரு மழை பெய்தது, அவ்வளவுதான். அந்த மழை இல்லாமலும் முளைத்திருக்குமா என்று கேட்டால், ஜெர்மனியில் வாக்கெடுப்பு எதுவும் இல்லாமலே இதே மாதிரி ஒரு கட்சி வளர்ந்திருக்கிறது என்பதைக் காட்டுவேன். அதற்கு மேல் போக மாட்டேன்.

ஸ்காட்லாந்தில் இன்னொன்று வருமா என்பது முதலில் சட்டக் கேள்வி. லண்டன் சம்மதிக்காமல் எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து நாடாளுமன்றம் தானாக நடத்த முடியாது என்று 2022 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2024-ல் எஸ்.என்.பி. ஒன்பது இடத்துக்கு இறங்கியது, கிளாஸ்கோ முழுவதும் மறுபடி லேபர். ஆனால் பிரிவோம் என்பவர்கள் குறைந்துவிட்டார்கள் என்று இதை வைத்துச் சொல்ல முடியாது. கருத்துக்கணிப்புகளில் அவர்கள் பாதிக்குச் சற்று முன்னும் பின்னுமாகவே நிற்கிறார்கள். கோவாவில் பார்த்த அதே பிரிப்பு: பிரிய வேண்டுமா என்பது ஒரு கேள்வி, இந்தக் கட்சி ஆள வேண்டுமா என்பது வேறு. ஒருவேளை வந்து, வேண்டாம் பக்கம் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தால் 2015 மாதிரி தோற்றவர்கள் ஒன்று சேர்வார்கள் என்று எதிர்பார்ப்பேன். பிரிவோம் பக்கம் சொற்ப வித்தியாசத்தில் ஜெயித்தால் ஆபத்து எஸ்.என்.பி.க்குத்தான். எல்லை, நாணயம், ஓய்வூதியம் என்று பேச்சுவார்த்தை வருஷக்கணக்கில் இழுக்கும், தெரசா மேக்கு நடந்தது அவர்களுக்கு நடக்கும். எல்லாம் சுமுகமாக முடிந்தால் நம் தமிழ்நாடு காங்கிரஸ் மாதிரி வேலை முடிந்து கரையும். இது கணிப்பு, பந்தயம் கட்டாதீர்கள்.

வார்டில் பேசாமல் இருக்கும் இரண்டு பேரைப் பற்றி அரசியல் அறிவியலில் பாடம் இல்லை. மாமா காமராஜர் தேர்தலின்போது அப்பாவோடு ஒரே ஜீப்பில் ஏறினார், எனக்கு அப்போது பன்னிரண்டு வயது, பின்சீட்டில் போஸ்டரும் பசை வாளியும் பிடித்துக்கொண்டு நானும் போனேன். துப்பாக்கிச் சூட்டைப் பற்றி இரண்டு பேரும் அன்றும் பேசவில்லை, சாகும்வரையும் பேசவில்லை.

கடைசி வரிக்குப் பதில்: உண்டு. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், முறையான விசாவில் அங்கே வசிக்கிற காமன்வெல்த் நாட்டவர் என்ற முறையில் பொதுத்தேர்தலிலும் ஸ்காட்லாந்துத் தேர்தல்களிலும் ஓட்டுப் போடலாம். 2016-லேயே போட்டிருக்கலாம். இருபது வருஷமாக அங்கே வரி கட்டிய பிரெஞ்சுக்காரருக்கு அன்று ஓட்டு இல்லை, மார்த்தாண்டத்திலிருந்து போன நர்ஸுக்கு இருந்தது. பட்டியலில் பேர் இல்லையென்றால் பதிவு செய்யுங்கள். தபால் ஓட்டும் கேட்டு வாங்கலாம், நைட் டியூட்டி முடிந்து வந்து வரிசையில் நிற்க வேண்டாம். விளவங்கோட்டில் வெளிநாடுவாழ் வாக்காளராகப் பேர் சேர்த்திருந்தால் மட்டும் அதற்கு நேரில்தான் வந்தாக வேண்டும், டிக்கெட் விலை உங்களுக்கே தெரியும்.